கோடு நேராக இருந்தால் மட்டும் போதாது



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி சில லாரி ரசீதுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, 10 மூட்டைக்கு 280 ரூபாய் வாங்கினார்கள். மூட்டைக்கு 28 ஆகிறது. 20 மூட்டைக்கு 560 வர வேண்டும் அல்லவா? 500 தான் போட்டிருக்கிறார்கள். பின்னால் ஏதாவது சேர்த்துக் கேட்பார்களோ?" என்றார்.

அதிகம் வாங்கிவிட்டார்கள் என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைவாக வாங்கியதற்குப் பயந்து வந்தவர் இவர்தான். ரசீதுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளின் கட்டத்தாள் நோட்டு ஒன்று கொண்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை" என்றேன். அந்த ஐந்து நிமிட வேலையை எல்லோருக்கும் பயன்படும்படி எழுதித் தரச் சொல்லி நம் இதழின் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். நான் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் பருப்புக் கிடங்கில்தான். ஆகவே கணக்கு வாத்தியார்கள் பிழை பொறுக்க வேண்டும்.

நேர் விகிதம் நமக்குப் புதிதல்ல. ஒரு கிலோ துவரம்பருப்பு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ 300, 4 கிலோ 600, அரைக்கிலோ 75. எடை இரு மடங்கானால் பணமும் இரு மடங்கு. எடை பாதியானால் பணமும் பாதி. எடையே இல்லை என்றால் பணமும் இல்லை. இந்தக் கடைசி வரியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இதைக் கட்டத்தாளில் போட்டுப் பாருங்கள். அடியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு. அதில் எடையைக் குறியுங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக ஒரு கோடு. அதில் பணத்தைக் குறியுங்கள். இரண்டும் சந்திக்கும் மூலை பூஜ்யம். 1 கிலோவுக்கு நேர் மேலே 150 இல் ஒரு புள்ளி, 2 கிலோவுக்கு மேலே 300 இல் ஒரு புள்ளி, 4 கிலோவுக்கு மேலே 600 இல் ஒரு புள்ளி. அளவுகோலை வைத்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் மூலைக்குப் போய்ச் சேரும். நேர்கோடாக இருப்பது ஓர் அடையாளம். பூஜ்யத்தில் தொடங்குவது இன்னோர் அடையாளம். இரண்டும் இருந்தால்தான் நேர் விகிதம். ஒன்று மட்டும் இருந்தால் அது வேறு சரக்கு.

கோடு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பது விலை. கடலைப்பருப்பு கிலோ 100 ரூபாய் என்றால் அதன் கோடும் அதே மூலையில்தான் தொடங்கும், ஆனால் துவரம்பருப்புக் கோட்டுக்குக் கீழே சாய்ந்து போகும். 1 கிலோவுக்கு நேரே கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே கிலோ விலை. படம் போட நேரமில்லாதவர்கள் ஒவ்வொரு பணத்தையும் அதன் எடையால் வகுத்துப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் ஒரே விடை வந்தால் நேர் விகிதம். வகுத்துப் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்கும். எதனால் சந்தேகம் வந்தது என்பதைப் படம்தான் காட்டும்.

இந்தப் படங்களே வியாபாரக் கணக்கிலிருந்து பிறந்தவைதாம். வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786 இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோட்டுப்படங்களாகப் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். இதை விளக்க அவர் சொன்ன உவமை கல்லாவில் உட்கார்கிறவனுக்கு உடனே புரியும். ஒரு வியாபாரி தினமும் மாலையில் அன்றைய வரவைப் பொற்காசுகளாக ஒரே அடுக்காக அடுக்கி வைத்தால், அடுக்கின் உயரமே அன்றைய வியாபாரம். அடுக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பேரேட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

லாரி ரசீது சொன்ன கதை

இப்போது தம்பியின் ரசீதுகளுக்கு வருவோம். 10 மூட்டைக்கு 280. 20 மூட்டைக்கு 500. இன்னொரு ரசீதில் 30 மூட்டைக்கு 720. மூன்று புள்ளிகளையும் வைத்து அளவுகோல் பிடித்தோம். அழகான நேர்கோடு. தம்பிக்குச் சந்தோஷம். "கோட்டை இடது பக்கம் நீட்டுங்கள்" என்றேன். நீட்டினார். மூலைக்குப் போகவில்லை. ஓரத்துக் கோட்டில் 60 என்ற இடத்தில் போய் முட்டியது.

மூட்டையே இல்லாத இடத்தில் 60 ரூபாய் நிற்கிறது. அது என்ன? ரசீதுக் கட்டணம். ஒரு மூட்டை போட்டாலும் 50 மூட்டை போட்டாலும் ரசீதுக்கு 60 ரூபாய். அதற்கு மேல் மூட்டைக்கு 22 ரூபாய். 10 மூட்டைக்கு 220, அதோடு 60 சேர்ந்து 280. 20 மூட்டைக்கு 440, அதோடு 60 சேர்ந்து 500. லாரி ஆபீசில் தவறும் இல்லை, சலுகையும் இல்லை.

கோடு நேராக இருந்ததால் விகிதக் கணக்கு என்று நாம் நினைத்துவிடுகிறோம். மூன்று எண்ணைக் கொடுத்து நாலாவது எண்ணைக் கேட்கும் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தடவை போட்டவர்கள் நாம். 10 மூட்டைக்கு 280 என்றால் 50 மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்டால் வாய் தானாக 1,400 என்று சொல்லும். சரியான தொகை 1,160. இந்த 1,400 ஐ நம்பிச் சரக்குக்கு அடக்கவிலை போட்டால், மூட்டைக்குக் கிட்டத்தட்ட 5 ரூபாய் கூடுதலாக வைத்துவிட்டு, அடுத்த கடைக்காரர் எப்படிக் குறைத்துக் கொடுக்கிறார் என்று வியந்துகொண்டிருப்போம்.

எதிர்த்திசையில் போனால் இன்னும் மோசம். 50 மூட்டைக்கு 1,160 என்றால் மூட்டைக்கு 23 ரூபாய் 20 காசு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு 5 மூட்டை கேட்கும் சின்னக் கடைக்காரருக்கு 116 ரூபாய் வாடகை என்று சொல்லிவிட்டால், நாம் கட்டப்போவது 170. வித்தியாசம் நம் கையிலிருந்து. சின்ன ஆர்டர்களில் ஏன் ஒன்றும் நிற்பதில்லை என்று நம்மில் பலர் குறைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கடை வாடகை, காவலாள் சம்பளம், கடையின் மின்சார நிலைக்கட்டணம் எல்லாம் இந்த 60 ரூபாய் ஜாதியைச் சேர்ந்தவை. சரக்கு அசைந்தாலும் அசையாவிட்டாலும் அவை நிற்கும்.

என் தராசும் நான் சுமத்திய பழியும்

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைக்க வேண்டாம். பட்டுத் தெரிந்துகொண்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

1993 ஆம் ஆண்டு. அப்போது எங்கள் கிடங்கில் மேலே தண்டும் நகரும் குண்டும் உள்ள பழைய பிளாட்பாரத் தராசு இருந்தது. வெளியூர் மில் ஒன்றிலிருந்து துவரம்பருப்பு வரும். என் தகப்பனார் காலத்திலிருந்து 20 வருடப் பழக்கம். மில் முதலாளி பெரியவர். ஒரு மாதக் கடனுக்குச் சரக்கு அனுப்புவார். சீட்டு, கையெழுத்து எதுவும் கேட்டதில்லை.

அந்த வருடம் தீபாவளி சமயத்திலிருந்து எடை குறைய ஆரம்பித்தது. 50 கிலோ மூட்டை எதை வைத்தாலும், சாக்கோடு சேர்த்து மில்லில் எழுதிய எடைக்கு 400 கிராம் குறைவாகக் காட்டியது. ஒரு மூட்டை இரண்டு மூட்டை என்றால் விட்டுவிடலாம். எல்லா மூட்டையும் அப்படியே. வேண்டுமென்றே மூட்டைக்கு 400 கிராம் அடிக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். எனக்கு அப்போது முப்பது வயதுக்குச் சற்று மேல். தகப்பனார் காலமாகிப் பொறுப்பு கைக்கு வந்த புதிது. சின்னப் பையன்தானே என்று ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம் வேறு. ஜனவரிக்குள் 600 மூட்டைக்கு 240 கிலோ என்று கணக்குப் போட்டு, அன்றைய விலையில் நான்காயிரம் ரூபாய்க்குக் கிட்ட வரும் தொகையைப் பில்லில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினேன். கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். அந்தக் கடிதத்தின் வாசகத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. ஓர் இன்லண்டு கடிதத்தில் நாலே வரி எழுதியிருந்தார். ஒரு மூட்டையை நிறுத்துப் பாருங்கள், பிறகு இரண்டு மூட்டைகளை ஒன்றாக வைத்து நிறுத்துப் பாருங்கள், பிறகு மூன்று. குறைவு எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிவியுங்கள் என்பதுதான் அதன் சாரம். மழுப்புகிறார் என்று நினைத்துக் கோப்பில் குத்திவிட்டேன். சரக்கு வாங்குவதையும் நிறுத்தினேன்.

மார்ச் கடைசியில் இருப்பு எடுத்தபோது தலை சுற்றியது. புத்தகப்படி இருக்க வேண்டியதைவிடப் பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஏழரைக் குவிண்டால் குறைவு. கிடங்கில் யார் மேலும் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. பட்டும் விட்டேன், ஓர் இரவு முழுவதும். மறுநாள் காலையில் கோப்பைப் புரட்டும்போது அந்த இன்லண்டு கடிதம் கண்ணில் பட்டது.

மீதியிருந்த மூட்டைகளை அவர் சொன்னபடியே ஏற்றினேன். ஒரு மூட்டை: 400 கிராம் குறைவு. இரண்டு மூட்டை சேர்த்து: அதே 400. மூன்று மூட்டை: 400. நாலு மூட்டை: 450 என்று பட்டது, தண்டு சற்று ஆடியது. எழுதிவைத்த எண்களைப் பார்த்து எனக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. பழைய பள்ளிப் பழக்கத்தில் கட்டத்தாளில் போட்டேன். அடியில் மூட்டைகள், ஓரத்தில் குறைவு. மில்லில் அடித்திருந்தால் ஒரு மூட்டைக்கு 400, இரண்டுக்கு 800, மூன்றுக்கு 1,200, நாலுக்கு 1,600 என்று மூலையிலிருந்து ஏறும் கோடு வர வேண்டும். வந்ததோ தரையோடு படுத்த கோடு. அதை இடது பக்கம் நீட்டினால் ஓரத்தில் 400 இல் போய் நின்றது.

அதாவது மூட்டையே வைக்காதபோதும் 400 கிராம் குறைவு. படம் அப்படித்தான் சொல்லியது. எழுந்து போய்க் காலித் தராசின் பூட்டை எடுத்துவிட்டு, குண்டைப் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தேன். தண்டு சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை, முனை கீழே படுத்தது. 400 கிராம் எடைக்கல்லை மேடையில் வைத்த பிறகுதான் சமமானது.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்குத் தராசைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். துடைத்தவர் பளபளப்பாக்கும் ஆர்வத்தில், தண்டின் முனையில் பூஜ்யத்தைச் சரிசெய்ய இருக்கும் சிறு திருகைச் சுற்றிவிட்டிருக்கிறார். வேலை இல்லாத நேரத்தில் தண்டு பூட்டியே இருக்கும் என்பதால் ஐந்து மாதம் எவர் கண்ணிலும் படவில்லை.

இருப்பு குறைந்ததற்கும் அதே திருகுதான் காரணம். வாங்கும்போது தராசு 400 கிராம் குறைவாகக் காட்டியது. விற்கும்போதும் அதே தராசுதானே? 10 கிலோ என்று தண்டு சமமாகும்வரை போட்டால் 10 கிலோ 400 கிராம் போயிருக்கும். நாளுக்குப் பதினைந்து தடவை சில்லறைக் கடைகளுக்குப் பிரித்து நிறுத்தால் 6 கிலோ; மாதத்துக்கு 25 நாள் என்றால் 150 கிலோ; ஐந்து மாதத்துக்கு ஏழரைக் குவிண்டால். கூடுதலாகப் பெற்றவர்கள் ஒருவரும் வந்து சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பலருக்குத் தெரிந்தே இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த 400 கிராம் எல்லா நிறுவையிலும் ஒரே 400 கிராம்தான். ஆனால் வலி ஒன்றல்ல. 100 கிலோ நிறுத்தால் அது நூற்றுக்கு அரைக்கும் குறைவு. 10 கிலோ நிறுத்தால் நூற்றுக்கு 4. மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு நின்றாலே பெரிது. ஆக, சின்ன நிறுவை ஒவ்வொன்றிலும் லாபத்தைக் கொடுத்து முதலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

கழித்த பணத்தை எடுத்துக்கொண்டு நானே அந்த ஊருக்குப் போனேன். பெரியவர் உட்கார வைத்தார், காப்பி கொடுத்தார், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு முறையாக ரசீது போட்டுக் கொடுத்தார். "தராசை இப்போது சரி செய்தாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். சரக்கும் பிறகு வந்தது, ரொக்கத்துக்கு. தகப்பனார் காலத்து ஒரு மாதக் கடன் திரும்பி வரவில்லை.

இன்றைய தராசுகளில்

இப்போது கடைக்குக் கடை எலக்ட்ரானிக் தராசு. திருகு இல்லையே என்று நினைக்கலாம். உள்ளே இருப்பது பழைய கணக்குதான். சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டால், எடைக்கு ஏற்ற விகிதத்தில் அது நீளும் என்று இராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் 1678 இல் அச்சிட்டார். அதனால்தான் வில் தராசில் கோடுகள் எல்லாம் சம இடைவெளியில் இருக்கின்றன. எலக்ட்ரானிக் தராசில் லோடு செல் என்று ஒரு உலோகக் கட்டை இருக்கிறது. எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளைவு எடைக்கு விகிதமாக இருப்பதால்தான் அதை மின்சாரத்தால் அளந்து எண்ணாகக் காட்ட முடிகிறது.

ஆகவே அது பிழைப்பதும் இரண்டு வழியில்தான். தட்டு வைத்து டேர் அமுக்கிவிட்டு, வேறு தட்டை மாற்றினால் கோடு மூலையை விட்டு நகர்ந்துவிடும். எல்லா எடையிலும் ஒரே அளவு பிழை. இன்னொன்று, காலியாக இருக்கும்போது சரியாகப் பூஜ்யம் காட்டும். 1 கிலோவுக்கு 5 கிராம் தவறினால் 2 கிலோவுக்கு 10, 10 கிலோவுக்கு 50 என்று ஏறிக்கொண்டே போகும். இங்கே கோடு மூலையில்தான் தொடங்குகிறது, சாய்வு தவறு. பழுது பார்ப்பவர்கள் முதலாவதை ஜீரோ என்றும் இரண்டாவதை ஸ்பான் என்றும் சொல்வார்கள். முதலாவதை நாமே ஒரு பொத்தானில் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு ஆள் வர வேண்டும், முத்திரையும் மறுபடி வாங்க வேண்டும். முத்திரையிட்ட 1, 2, 5, 10 கிலோ எடைக்கற்களை வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒரே ஓர் எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் தெரியாது. பிழை இருப்பது தெரியும், எந்தப் பிழை என்பது தெரியாது.

கோடு உடையும் இடம்

மூலையில் தொடங்கி நேராகப் போகும் கோடு நடுவில் உடைவதும் உண்டு. 2022 ஜூலை 18 ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று முதல் முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, ஒரு பையில் 25 கிலோவுக்கு மேல் இருந்தால் அந்த வரி இல்லை என்று விளக்கம் தந்தார்கள். கிலோ 50 ரூபாய் அரிசி என்று வைத்துப் படம் போடுங்கள். 10 கிலோ பை 500, வரியோடு 525. 25 கிலோ பை 1,250, வரியோடு 1,312 ரூபாய் 50 காசு. இதுவரை மூலையிலிருந்து ஒரே நேர்கோடு. 26 கிலோ பை? வரி இல்லாமல் 1,300. கோடு படியிறங்கியது போலக் கீழே விழுந்து, பிறகு மறுபடி ஏறுகிறது. ஒரு கிலோ அதிகம், பன்னிரண்டரை ரூபாய் குறைவு. அரிசி ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட்டதன் ரகசியம் இந்தப் படியில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் விகிதக் கணக்கு போட்டவர் 26 கிலோவுக்கு 1,365 என்று எழுதியிருப்பார்.

கம்பெனிகள் தரும் ஸ்கீம்களும் இப்படித்தான். 10 பெட்டிக்கு ஒன்று இலவசம் என்றால் 9 பெட்டியிலும் 19 பெட்டியிலும் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து ஆர்டர் போடுங்கள். 2016 இல் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, அதன் படம் 100 யூனிட் வரை தரையில் படுத்திருந்துவிட்டுப் பிறகுதான் எழும்.

ஒன்று ஏற ஒன்று இறங்கினால் எதிர் விகிதம் என்று பலர் சொல்கிறார்கள். அது அவ்வளவு சுலபமல்ல. வாடிக்கையாளர் பருப்புக்கு 500 ரூபாய் ஒதுக்குகிறார் என்றால், கிலோ 100 விற்கும்போது 5 கிலோ, 125 விற்கும்போது 4 கிலோ, 200 விற்கும்போது இரண்டரைக் கிலோ, 250 விற்கும்போது 2 கிலோ. விலையையும் எடையையும் பெருக்கினால் எப்போதும் 500. இது எதிர் விகிதம். இதன் படம் நேர்கோடு அல்ல. முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லத் தரையோடு தவழும் வளைவு. விலை எவ்வளவு ஏறினாலும் தரையைத் தொடாது. கிடங்கில் 100 மூட்டை இருந்து தினம் 5 மூட்டை போவது வேறு. 95, 90, 85 என்று நேர்கோட்டில் இறங்கி, இருபதாம் நாள் தரையில் முட்டும். இதை எதிர் விகிதம் என்று எண்ணி மறு ஆர்டரைத் தள்ளிப்போட்டால் இருபதாம் நாள் கடை காலி. இப்போது பத்தாம் வகுப்புக் கணக்கில் நேர் மாறல், எதிர் மாறல் படங்களைப் பிள்ளைகள் போடுகிறார்கள். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

வட்டியைப் பற்றிச் சுருக்கமாக. 10,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 2 என்றால், தனிவட்டி மூன்று மாதத்தில் 600, பன்னிரண்டு மாதத்தில் 2,400. வட்டிக்கு மட்டும் படம் போட்டால் மூலையிலிருந்து நேர்கோடு; கட்ட வேண்டிய மொத்தத்துக்குப் போட்டால் 10,000 இல் தொடங்கும் நேர்கோடு. கூட்டுவட்டிக்கு இரண்டும் இல்லை, அது வளைவு. ஆனால் தொடக்கத்தில் பார்த்தால் தெரியாது. மூன்றாம் மாதம் தனிவட்டி 600, கூட்டுவட்டி 612. பென்சில் கோட்டின் தடிமனில் மறைந்துவிடும். இருபத்து நாலாம் மாதம் தனிவட்டி 4,800, கூட்டுவட்டி 6,084. முதல் மூன்று புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு நேர்கோடு என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டு புள்ளிகளோடு நிறுத்துவது அதைவிடத் தவறு. எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரு நேர்கோடு கிடைக்கும்.

பத்திரிகைகளிலும் கம்பெனி விற்பனையாளர்களின் காகிதங்களிலும் வரும் படங்களில் முதலில் மூலையைப் பாருங்கள். பல படங்களில் மூலை பூஜ்யமாக இருக்காது. ஓரத்துக் கோடு 90 இலிருந்தோ 1,000 இலிருந்தோ தொடங்கும். அப்படிப்பட்ட படத்தில் கோடு மூலையிலிருந்து கிளம்பினாலும் நேர் விகிதம் ஆகாது. 90 இலிருந்து 99 ஆன விற்பனை, பத்து மடங்கு ஏறியது போலக் கண்ணுக்குத் தெரியும். எண்ணைப் படிக்காமல் கோட்டை மட்டும் பார்ப்பவர்களுக்காகவே சிலர் இப்படிப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கட்டத்தாளில் புள்ளிகள் எப்போதும் அளவுகோலில் ஒட்டிக்கொண்டு நிற்காது. நிறுவையில் 50 கிராம் முன்னே பின்னே இருக்கும், தராசு ஆடும். அதற்கு அளவுகோலைவிடப் பூக்கட்டும் நூல் நல்லது. நூலை இழுத்துப் பிடித்து, புள்ளிகள் இருபுறமும் சமமாக இருக்கும்படி நகர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு கோடு போடலாம். எல்லாப் புள்ளியும் நூலுக்குப் பக்கத்தில் இருக்க, ஒன்று மட்டும் தனியாக எட்டி நின்றால் அதை அழித்துவிடாதீர்கள். அந்த ரசீதைத் தேடி எடுங்கள்.

தம்பியின் படத்திலும் அப்படி ஒன்று இருந்தது. 40 மூட்டைக்கு 940 வர வேண்டிய இடத்தில் புள்ளி 1,000 இல் நின்றது. ரசீதைத் தேடியபோது ஒன்றல்ல, இரண்டு இருந்தன. அதே நாள், அதே லாரி. 20 மூட்டைக்கு ஒன்று, 20 மூட்டைக்கு ஒன்று. மில்லில் பில்லை இரண்டாகப் போட்டதால் லாரி ஆபீசிலும் இரண்டு ரசீது போட்டு, ரசீதுக் கட்டணத்தை இரண்டு தடவை வாங்கியிருக்கிறார்கள். தம்பி போய்க் கேட்டார். அந்த 60 ரூபாய் திரும்பி வரவில்லை. அடுத்த லோடு ஒரே ரசீதில் வந்தது.